சாயவேரும் கிணற்றுத் தண்ணீரும்

(முன்னாள் மாணவர், கெமிக்கல் இன்ஜினியரிங், 2006–2010)

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கச் செயலாளர் போனில் கேட்டபோது, "சார், எனக்குக் கட்டுரை எல்லாம் வராது, பேட்ச் ரிப்போர்ட்தான் எழுத வரும்" என்றேன். "அதையே எழுதுப்பா, எல்லாரும் ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றித்தான் எழுதி அனுப்பியிருக்கிறார்கள்" என்றார். ஆகவே இது ஒரு பேட்ச் ரிப்போர்ட். ஆனால் இந்த பேட்ச் ஓடியது 1742-ஆம் வருஷம். அதில் நம் கல்லூரிக் கிணற்றுத் தண்ணீருக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. அந்தக் கிணற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு பிராஜெக்ட் கதை

ஃபைனல் இயரில் நாங்கள் நாலு பேர் ஒரு குரூப். இயற்கைச் சாயம் என்று தலைப்பு எடுத்தோம். உண்மையைச் சொன்னால், செலவு குறைவு என்பதுதான் காரணம். நாட்டு மருந்துக் கடையில் இம்பூறல் வேர் வாங்கினோம். அதற்குத்தான் சாயவேர் என்று இன்னொரு பெயர். தாவரவியலில் ஓல்டன்லாண்டியா அம்பெல்லாட்டா. அதன் வேர்ப்பட்டையில் அலிசரின் என்ற சிவப்புச் சாயம் இருக்கிறது. கடுக்காய், படிகாரம், சாயவேர், வெள்ளைத் துணி. எல்லாம் எடை போட்டு, டிஸ்டில்ட் வாட்டரில் சுத்தபத்தமாகச் செய்தோம். வந்த நிறம் சிவப்பு இல்லை, பழைய செங்கல் மாதிரி ஒரு மங்கல். ஐந்து தடவை செய்தோம், ஐந்து தடவையும் செங்கல்தான். வைவாவுக்கு மூன்று வாரம் இருந்தது.

எங்கள் லேபில் ஓர் உதவியாளர் இருந்தார். அண்ணாச்சி என்று கூப்பிடுவோம். பியூரெட் கழுவி வைப்பார், உடைந்தால் எங்களைத் திட்டாமல் பெருக்கிப் போடுவார். ஆறாவது தடவை நாங்கள் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது வந்து பார்த்தார்.

"தம்பி, எந்தத் தண்ணியில போடுறீங்க?"

"டிஸ்டில்ட் வாட்டர் அண்ணாச்சி. ப்யூர்."

"அதான் செத்துக் கிடக்கு. பின்னால கிணத்துல ஒரு வாளி இறைச்சுட்டு வாங்க. எங்க வீட்ல பாய்க்குக் கோரை சாயம் போடுவாங்க. ஆத்துத் தண்ணிக்கு ஒரு நெறம், கிணத்துத் தண்ணிக்கு ஒரு நெறம்."

எங்களுக்கு நம்பிக்கை இல்லை. இருந்தாலும் வேறு வழியும் இல்லை. கிணற்றுத் தண்ணீரில் போட்டோம். சட்டியிலிருந்து துணியை வெளியே எடுத்தபோது நாலு பேரும் வாயைத் திறந்து நின்றோம். சிவப்பென்றால் அப்படி ஒரு சிவப்பு!

காரணம் பிறகு புரிந்தது. அலிசரின், அலுமினியம், கால்சியம் மூன்றும் சேர்ந்தால்தான் அந்தச் சிவப்பு முழுமையாக உருவாகும். கிணற்றுத் தண்ணீரில் கால்சியம் இருந்தது, டிஸ்டில்ட் வாட்டரில் இல்லை. வைவாவில் எக்ஸ்டர்னல் கேட்டார், "ஏன் கிணற்றுத் தண்ணீர்?" நான்தான் பதில் சொன்னேன்: "கால்சியம் அயான் சார்." நல்ல மார்க் வந்தது. இந்தக் கதையை இங்கே நிறுத்திவிட்டு, 268 வருஷம் பின்னால் போகிறேன். கடைசியில் திரும்பி வருவேன்.

பாதிரியாரின் கடிதம்

2011 தொடக்கத்தில் ஐகோர்ட் உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டது பலருக்கு நினைவிருக்கும். அதற்கு அடுத்த வருஷம், கழிவுநீரை வெளியே விடாத ஏற்பாட்டோடு பட்டறைகள் மெதுவாகத் திறந்துகொண்டிருந்தபோது நான் வேலைக்குச் சேர்ந்தேன். இன்றும் அதே தொழில்தான். சாயத்தைப் பற்றிக் கிடைப்பதையெல்லாம் படிக்கும் பழக்கம் அங்கேதான் ஒட்டிக்கொண்டது. அப்படி ஒரு நாள் ஒரு பழைய கடிதத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பு கையில் கிடைத்தது.

எழுதியவர் கேஸ்தோன் லொரான் கேர்து என்ற பிரெஞ்சு ஏசுசபைப் பாதிரியார். தேதி 18 ஜனவரி 1742. தென்னிந்தியாவிலிருந்து பாரிசில் இருந்த து ஹால்ட் பாதிரியாருக்கு எழுதியது. சாதாரண ஆள் இல்லை இவர். சமஸ்கிருதத்துக்கும் லத்தீன், கிரேக்கத்துக்கும் உறவு இருக்கிறது என்று 1767-லேயே எழுதி அனுப்பியவர். அதையே 1786-ல் வில்லியம் ஜோன்ஸ் கல்கத்தாவில் சொன்னபோதுதான் உலகம் கேட்டது. கேர்து 1779-ல் புதுச்சேரியில் காலமானார்.

1742-ஆம் வருஷக் கடிதத்தில் அவர் எழுதியது மொழியைப் பற்றி அல்ல. சோழமண்டலக் கரையில் துணியில் சித்திரம் எழுதுகிறவர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்பதை ஒவ்வொரு படியாக எழுதியிருக்கிறார். இங்கிலாந்தில் சின்ட்ஸ், போர்ச்சுகீசியரிடம் பின்டாடோ, பிரான்சில் இந்தியென் என்று பெயர் பெற்ற துணி அது. கலம்காரி என்று நாம் இன்று சொல்வதும் அந்தக் குடும்பம்தான். கலம் என்றால் பேனா. தமிழில் சித்திரம் 'வரைந்தான்' என்பதைவிட 'எழுதினான்' என்பதுதானே பழைய வழக்கு. அவர்கள் உண்மையில் எழுதினார்கள்.

ஒரு சீலை எழுதும் வேலை

நெசவாளியின் தறியிலிருந்து வந்த துணியை முதலில் பாதி வெளுப்பார்கள். முழு வெண்மை கூடாது. பிறகு கடுக்காயை இடித்து எருமைப்பாலில் கலந்து, அதில் துணியை ஊறவைத்து, பிழிந்து, வெயிலில் காயப்போடுவார்கள். கடுக்காயில் உள்ள டானின் துணியைச் சாயத்துக்குத் தயார் செய்கிறது. எருமைப்பாலின் கொழுப்பு, எழுதும்போது நீர் பரவிக் கசியாமல் பிடித்து நிறுத்துகிறது. கோடு கோடாகவே நிற்கும். இந்தக் காலத்துப் பிரிண்டிங் யூனிட்டில் இதற்காகவே பசை வாங்குகிறோம். அவர்கள் எருமை வைத்திருந்தார்கள்.

காய்ந்த துணியை மரக்கட்டை மேல் மடித்து வைத்து, மரக்கொட்டாப்புளியால் அடித்து வழவழப்பாக்குவார்கள். பேனா தட்டாமல் ஓட வேண்டும் அல்லவா? அப்புறம் காகிதத்தில் வரைந்த மாதிரியை ஊசியால் ஓட்டை குத்தி, துணிமேல் பரப்பி, கரித்தூள் மூட்டையால் தட்டினால் புள்ளி புள்ளியாகப் படம் துணியில் இறங்கும். வீட்டு வாசலில் அச்சுக் கோலம் போடுவது போலத்தான்.

இனிதான் எழுத்து. பேனா என்பது கூராகச் சீவிய மூங்கில் குச்சி. அதன் நடுவில் கம்பளி நூலோ மயிரோ சுற்றிய ஓர் உருண்டை. உருண்டையை நீரில் நனைத்து, எழுதும்போது விரலால் மெதுவாக அழுத்தினால் நீர் முனைக்கு இறங்கும். கையே பம்ப், விரலே வால்வு.

கறுப்புக் கோட்டுக்கு, இரும்பைப் புளித்த திரவத்தில் நாள்கணக்கில் ஊறவைத்து எடுத்த நீர். அது துணியில் உள்ள கடுக்காயைத் தொட்ட இடத்தில் கறுக்கும். சிவப்பு வரவேண்டிய இடத்தில் எழுதுவது சிவப்புச் சாயமே அல்ல, படிகாரத் தண்ணீர். பாடப்புத்தகத்தில் நிறமூன்றி என்று படித்தோமே, அது. ஆனால் படிகாரத் தண்ணீருக்கு நிறம் கிடையாதே, எங்கே எழுதினோம் என்று எப்படித் தெரியும்? அதற்காகக் கொஞ்சம் பதங்கக் கட்டைச் சாறு கலந்துகொள்வார்கள். கேரளத்தில் பதிமுகம் என்று குடிநீரில் போடுகிறார்களே, அதே கட்டை. கண்ணுக்கு அடையாளம் காட்டுவதற்கு மட்டும்தான் அந்த நிறம். பிறகு அது போய்விடும். இண்டிகேட்டர் என்று நாம் லேபில் பெருமையாகச் சொல்வது இதுதானே!

பிறகு சாயவேர்த் தூளோடு துணியைச் சட்டியில் போட்டு, மெதுவாகச் சூடேற்றிக் கொதிக்க வைப்பார்கள். வெளியே எடுக்கும்போது துணி முழுக்கச் சிவந்திருக்கும். பார்க்கிறவன் 'கெட்டுப்போச்சு' என்று நினைப்பான். ஆட்டுப் புழுக்கை கரைத்த நீரில் ஊறவைத்து, அலசி, வெயிலில் விரித்துத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தால், படிகாரம் படாத இடத்திலிருந்து சிவப்பு கழன்று வெண்மை திரும்பும். படிகாரம் பட்ட இடம் அப்படியே நிற்கும், எத்தனை தடவை துவைத்தாலும்.

ஐரோப்பா மயங்கியது இந்தக் கடைசி விஷயத்தில்தான். அங்கே துணியில் வண்ணம் பூசினால் தண்ணீர் பட்டதும் போய்விடும். இங்கிருந்து போன துணியைத் துவைக்கத் துவைக்க வண்ணம் எடுப்பாகத் தெரிந்தது.

நீலம் வேறு வீட்டு வேலை

நீலம் அவுரியிலிருந்து வருவது. அதைப் பேனாவால் எழுதவில்லை. துணியையே தொட்டியில் முக்கினார்கள். அதனால் நீலம் வேண்டாத இடமெல்லாம் உருக்கிய தேன்மெழுகால் மூட வேண்டும். மெழுகு எழுத மூங்கில் உதவாது, இரும்புமுனைப் பேனா. சீலையில் முக்கால்வாசி இடத்தை மெழுகால் நிரப்புவது எவ்வளவு வேலை என்று யோசித்துப் பாருங்கள்.

மெழுகு எழுதி முடித்ததும் துணி நீலச்சாயக்காரர் வீட்டுக்குப் போகும். அவர் தொழில் தனி. தகரை விதையும் சுண்ணாம்பும் போட்டுத் தொட்டியைப் புளிக்கவைத்து, வாசனையும் நுரையும் பார்த்தே பக்குவம் சொல்லக்கூடியவர். சீலை எழுதுகிறவருக்கு அந்தப் பக்குவம் தெரியாது, தெரிந்துகொள்ளவும் முயலவில்லை. திரும்பி வந்த துணியைக் கொதிநீரில் போட்டு மெழுகை எடுத்து, மறுபடி கடுக்காய், பால், மறுபடி படிகாரம், மறுபடி சாயவேர் என்று அடுத்த சுற்று. இளஞ்சிவப்புக்கு ஒரு பலம், அடர்சிவப்புக்கு வேறு பலம் என்று படிகாரத் தண்ணீரிலேயே வித்தியாசம் வைத்தார்கள்.

பச்சைக்குத் தனிச்சாயம் கிடையாது. நீலத்தின்மேல் மஞ்சள் எழுதினால் பச்சை. இந்த மஞ்சள் மட்டும் கெட்டி இல்லை. அதனால்தான் மியூசியங்களில் உள்ள பழைய சின்ட்ஸ் துணிகளில் இலைகளெல்லாம் நீலமாக இருக்கின்றன. மஞ்சள் போய்விட்டது, நீலம் நிற்கிறது.

இதையெல்லாம் செய்ய எவ்வளவு பொறுமை வேண்டும்? டேனியல் ஹாவார்ட் என்ற டச்சுக் கம்பெனிக்காரர், 1693-ல் வெளிவந்த தன் புத்தகத்தில், கோதாவரிப் பக்கத்துப் பாலகொல்லுவில் பார்த்ததைச் சொல்கிறார். நத்தை ஊர்வது போல வேலை நகர்கிறது என்றும், பொறுமைக்கு உருவம் தர விரும்பும் ஓவியன் இந்த ஆட்களில் ஒருவரைப் பார்த்து வரைந்தாலே போதும் என்றும் எழுதியிருக்கிறார்.

இதில் எனக்குப் பிடித்த இடம் தண்ணீர். எல்லாத் தண்ணீரும் உதவாது, வாயில் வைத்தால் கடுப்பாக இருக்கும் தண்ணீரே வேண்டும் என்று கேர்துவிடம் சொல்லியிருக்கிறார்கள். அவரும் அதைக் கவனமாக எழுதிவைத்தார். அதைப் படித்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். அண்ணாச்சி ஞாபகம் வந்துவிட்டது. எங்கள் பட்டறையில் கடினத் தண்ணீர்தான் முதல் எதிரி. ரியாக்டிவ் சாயத்துக்கு மென்னீர் வேண்டும். ஆயிரம் செலவு செய்து கால்சியத்தை எடுக்கிறோம். சாயவேருக்கு அதுவே உயிர். கிளிஞ்சல் கலந்த கடற்கரை மணலில் விளைந்த வேருக்கு மவுசு அதிகமாக இருந்ததும் சும்மா இல்லை.

அட்வான்ஸ் என்னும் கயிறு

வேலை இப்படி. வியாபாரம் எப்படி?

சீலை எழுதுகிறவர் தானாக ஒரு படம் எழுதிச் சந்தையில் விற்றதைவிட, ஆர்டருக்கு எழுதியதே அதிகம். லண்டன், ஆம்ஸ்டர்டாம், பாரிஸ் கம்பெனித் தலைமை தனக்கு வேண்டிய மாதிரியைக் கப்பலில் அனுப்பும். சிவப்புத் தரை வேண்டாம், வெள்ளைத் தரையில் பூ வேண்டும் என்று 17-ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. கோட்டையில் உள்ள அதிகாரி அந்த மாதிரியை உள்ளூர்க் கம்பெனி வியாபாரிகளிடம் கொடுத்து ஒப்பந்தம் போடுவார். வியாபாரி தரகரிடம், தரகர் எழுதுகிறவரிடம். முன்பணமும் அதே வழியில் இறங்கும். ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் தங்கும். புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையின் 1736 முதல் 1761 வரையான நாட்குறிப்பைப் புரட்டினால் இந்தத் துணி வியாபாரப் பேச்சு எவ்வளவு என்று தெரியும்.

முன்பணம் வாங்கினால் அரிசியும் மெழுகும் சாயவேரும் வாங்கலாம். ஆனால் கயிறு கழுத்தில் விழுந்துவிடும். மாதிரியோடு ஒத்துப்போகவில்லை என்று கோட்டையில் துணியைத் தள்ளினால், நஷ்டம் அதே ஏணியில் இறங்கிக் கடைசியில் அவர் தலையில்தான் உட்காரும். இன்றைய ஜாப் ஒர்க் நண்பர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பையரின் ரிஜெக்‌ஷன் மெயில் வந்த அன்று எங்கள் பட்டறையில் யார் முகம் கறுக்கும் என்று எனக்குத் தெரியும்.

வருஷத்தில் எல்லா நாளும் வேலையும் கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வெயில் இல்லை. வெயில் இல்லாமல் துணி காயாது, வெளுக்காது. அதே மாதங்களில்தான் புயலுக்குப் பயந்து கப்பல்களும் இந்தக் கரையில் நங்கூரமிடாமல் விலகிவிடும்.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. கையில் தொழில் இருந்தவரைத் தேடி ஊர்கள் வந்தன. 1639-ல் பிரான்சிஸ் டே சென்னைக்கு இடம் பிடித்தபோது சொன்ன காரணங்களில் ஒன்று, துணி இங்கே மற்ற இடங்களைவிட 20 சதவீதம் மலிவு என்பது. 1734-ல் சின்னதறிப்பேட்டை, அதாவது இன்றைய சிந்தாதிரிப்பேட்டை உண்டானது நூற்பவர், நெய்பவர், துணியில் எழுதுபவர், வெளுப்பவர் ஆகியோரைக் குடியேற்றத்தான். பிடிக்காவிட்டால் மூட்டை கட்டிக்கொண்டு வேறு ஊர் போகும் உரிமை கைத்தொழிலாளிக்கு இருந்தது. 18-ஆம் நூற்றாண்டில் தென்னிந்திய நெசவாளியின் நிலை பிரிட்டிஷ் நெசவாளியின் நிலைக்குக் குறைந்ததல்ல என்று வரலாற்று ஆசிரியர் பிரசன்னன் பார்த்தசாரதி வாதிடுகிறார். கம்பெனியே அரசாங்கம் ஆனபிறகுதான், போக்கிடம் இல்லாமல், அந்தக் கயிறு உண்மையில் இறுகியது என்பது அவர் கருத்து.

கேர்து எழுதிய காலமும் அமைதியான காலம் அல்ல. 1740-ல் மராத்தியப் படை ஆற்காட்டு நவாப் தோஸ்த் அலியைக் கொன்றது. 1741-ல் திருச்சி விழுந்தது. 1746-ல் சென்னைக் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தார்கள். 1761-ல் புதுச்சேரியை ஆங்கிலேயர் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். இத்தனைக்கும் நடுவில் யாரோ ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து, விரலால் உருண்டையை அழுத்தி, ஓர் இலையின் நரம்பை எழுதிக்கொண்டிருந்தார்.

தடைச் சட்டமும் தொழிற்சாலையும்

இந்தத் துணி ஐரோப்பாவில் கிளப்பிய கலவரம் கொஞ்சநஞ்சம் அல்ல. பிரான்ஸ் 1686-லேயே தடை போட்டது. இங்கிலாந்து 1700-ல் சட்டம் இயற்றி, உள்நாட்டு உபயோகத்துக்கு இறக்குமதி கூடாது என்றது. 1719-ல் லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் நெசவாளிகள் தெருவில் இறங்கி, காலிகோ உடுத்திய பெண்களின் துணியைக் கிழித்தார்கள், மை ஊற்றினார்கள். அவர்கள் பிழைப்பு அவர்களுக்கு. 1721-ல் உடுத்துவதற்கே தடை வந்தது.

ஆனால் தடையால் ஆசை குறையுமா? வாங்க முடியாததை நாமே செய்தால் என்ன என்று தோன்றியது. ஏற்கனவே 1734 வாக்கில் பொலியோ என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி புதுச்சேரியில் ஒரு வேலை செய்திருந்தார். ஒவ்வொரு படி முடிந்ததும் துணியில் ஒரு துண்டு வெட்டிவைத்து, குறிப்போடு பாரிசுக்குக் கொண்டுபோனார். மொத்தம் 11 துண்டுகள். அவற்றைக் கேட்டு வாங்கியவர் து ஃபே. மின்சாரத்தில் இரண்டு வகை உண்டு என்று 1733-ல் கண்டறிந்த அதே விஞ்ஞானி. அந்தக் கையெழுத்துப் பிரதியும் துண்டுகளும் இன்றும் பாரிசில் இருக்கின்றன.

கேர்துவின் கடிதம் 1743-ல் அச்சில் வந்தது. 1759-ல் பிரான்ஸ் தடையை நீக்கியது. 1760-ல் ஓபர்காம்ப், வெர்சாய் பக்கத்தில் ஜூயி என்ற ஊரில் தொழிற்சாலை தொடங்கினார். முதலில் மர அச்சு, 1770-ல் செப்புத்தகடு, 1797-ல் செப்பு உருளை. நத்தைக்கு எதிரே ரயில் வந்த மாதிரி. எல்லாம் அந்த ஒரு கடிதத்தால் என்று சொல்லமாட்டேன். ஆர்மீனியர் மூலம் மர்சேயில் 17-ஆம் நூற்றாண்டிலேயே துணி அச்சடிக்கக் கற்றிருந்தார்கள். ஆனால் தெரியாமல் தவித்த இடங்களில் இந்தக் கடிதம் விளக்குப் பிடித்தது.

மிச்சம் இருந்தது சாயவேர். 1795-ல் ராக்ஸ்பரோ தன் சோழமண்டலத் தாவரங்கள் நூலில் அதன் சாயமுறையையும் எழுதிவைத்தார். 1868-ல் ஜெர்மனியில் கிரேபேயும் லீபர்மானும் அலிசரினைச் செயற்கையாகச் செய்தார்கள். 1869 ஜூனில் பாஸ்ஃப் கம்பெனியும் இங்கிலாந்தின் பெர்கினும் ஒரு நாள் இடைவெளியில் காப்புரிமைக்கு மனுப் போட்டார்கள். ஒரே நாள்! தாரிலிருந்து எடுத்த சிவப்பு மலிவாக வந்ததும் வேர் தோண்டுகிறவருக்கு வேலை போயிற்று. 1897-ல் செயற்கை நீலம் சந்தைக்கு வந்தது. அவுரிக்கும் அதே கதி.

தொழில் அடியோடு சாகவில்லை. காளஹஸ்தியில் 1950-களின் கடைசியில் பயிற்சி மையம் வந்தது. கமலாதேவி சட்டோபாத்யாயாவின் முயற்சி அதில் பெரிது. அந்த மரபில் வந்த ஜொன்னலகட்ட குருப்ப செட்டிக்கு 2008-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. நம் பக்கம் கோடாலிகருப்பூரில் தஞ்சை மராத்திய அரண்மனைக்குச் சேலை எழுதினார்கள். கருப்பூர் கலம்காரிக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கும்பகோணம் பக்கம் சிக்கல்நாயக்கன்பேட்டையில் கோயில்களுக்கு இன்றும் தொம்பையும் விதானமும் எழுதுகிறார்கள். போனால் ஒன்று வாங்கி வாருங்கள். பேரம் பேசாமல்.

பெயர் என்ன?

இப்போது நான் சொல்லவந்த விஷயம்.

கேர்து இந்த ரகசியத்தை எப்படிப் பெற்றார்? அவரே மறைக்காமல் சொல்கிறார். புதிதாக மதம் மாறிய கிறிஸ்தவர்களில் இந்தத் தொழில் தெரிந்தவர்கள் இருந்தார்கள். அவர்களைத் தனித்தனியாக, பலமுறை கேட்டு, ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொன்னதோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தார். நல்ல இன்ஜினியர் செய்வதைத்தான் அவரும் செய்தார். அதில் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. அவர் எழுதாவிட்டால் அந்த எருமைப்பாலும் கடுப்புத் தண்ணீரும் இந்த அளவு விவரமாக நமக்கு வந்திருக்காது.

ஆனால் சொன்னவர்கள் யார்? கேர்துவின் பெயர் இருக்கிறது. பொலியோவின் பெயர் இருக்கிறது. து ஃபே, ஓபர்காம்ப், ராக்ஸ்பரோ எல்லோர் பெயரும் இருக்கிறது. சொல்லிக்கொடுத்தவர்களைச் 'சில தொழிலாளிகள்' என்கிற அளவிலேதான் நான் படித்தேன். ஒரு மாலை நேரம் பாதிரியார் முன் உட்கார்ந்து, "தண்ணியை முதல்ல வாயில வெச்சுப் பாருங்க சாமி" என்று சொல்லியிருக்கக்கூடிய அந்த மனிதர் யார்?

இதைப் படித்து எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. கோபத்தோடு என் பழைய பிராஜெக்ட் ரிப்போர்ட்டை அலமாரியிலிருந்து எடுத்தேன். முதல் பக்கத்தில் நாலு மாணவர் பெயர், கைடு பெயர். நன்றியுரையில் துறைத்தலைவர், பெற்றோர், நண்பர்கள், கடைசியில் கடவுள். நாலாவது அத்தியாயத்தில் 'நீரின் கடினத்தன்மையின் விளைவு' என்று எட்டுப் பக்கம், இரண்டு கிராஃப். அண்ணாச்சியைப் பற்றி ஒரு வரி இல்லை.

அதைவிட மோசம், அவர் பெயரே எனக்குத் தெரியாது. நாலு வருஷம் அண்ணாச்சி, அண்ணாச்சி என்று கூப்பிட்டோம். ஒரு நாள் கேட்கவில்லை. குரூப்பில் இருந்த மற்ற மூன்று பேருக்கும் போன் செய்தேன். ஒருவன் கனடாவில், ஒருவன் சென்னையில், ஒருத்தி கல்லூரிப் பேராசிரியை. மூன்று பேருக்கும் அந்தச் சிவப்பு ஞாபகம் இருக்கிறது, பெயர் ஞாபகம் இல்லை. பாதிரியாரையாவது, எழுதாமல் விட்டார் என்று சொல்லலாம். நாங்கள் கேட்கவே இல்லை.

எங்கள் பட்டறையில் ஒரு மாஸ்டர் இருக்கிறார். எட்டாவது வரை படித்தவர். ஷேட் தப்பினால் கம்ப்யூட்டர் சொல்வதற்கு முன்னாலேயே கண்ணால் பார்த்து எவ்வளவு தப்பு என்று சொல்லிவிடுவார். போன வருஷம் ஒரு பிரச்சினையை அவர்தான் தீர்த்தார். ரிப்போர்ட் வழக்கம்போல என் பெயரில் தயாரானது. இந்தத் தடவை அவர் பெயரையும் போட்டுத்தான் மேலே அனுப்பினேன். அவர் பார்த்துவிட்டு, "எதுக்கு சார் இதெல்லாம்" என்றார். ஆனால் ஒரு பிரிண்ட் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

இன்று படிக்கும் தம்பி தங்கைகளுக்கு அட்வைஸ் சொல்லும் வயசு எனக்கு இன்னும் வரவில்லை. ஒரே ஒரு வேண்டுகோள். லேபிலோ ஒர்க்‌ஷாப்பிலோ உங்களுக்கு ஒரு வழி காட்டிய ஆள் யாராக இருந்தாலும், அன்றே பெயரைக் கேட்டு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ரிப்போர்ட்டில் இடம் இருக்கும்.

மூத்த, இளைய முன்னாள் மாணவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். 2006-க்கும் 2010-க்கும் இடையில் கெமிக்கல் லேபில் இருந்த, கோரைப்பாய் முடையும் குடும்பத்திலிருந்து வந்த, ஒல்லியான, எப்போதும் தோளில் துண்டு போட்டிருந்த அண்ணாச்சியின் பெயரும் ஊரும் யாருக்காவது தெரிந்தால், சங்க அலுவலகத்தில் தெரிவியுங்கள். ரிப்போர்ட்டின் ஒரு பிரதி என்னிடம் இருக்கிறது. அதில் நன்றியுரைப் பக்கத்தில் கடவுளுக்கு மேலே கொஞ்சம் இடம் இருக்கிறது. அவர் பெயரைப் பேனாவால் எழுதி, சிவந்த அந்தத் துணித்துண்டையும் சேர்த்து, நேரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.